ஒன்பதடிக் கோடு

எங்கள் ஊரில் ஓர் ஆறு ஓடுகிறது என்பதை அதிகாரிகள் கண்டுபிடித்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை அது ஊரின் கொல்லைப்புறம். ஆலைகள் ஓடிய காலத்தில் சாயக் கழிவு அதில் போயிற்று. ஆலைகள் மூடிய பிறகு மற்றதெல்லாம் போயிற்று. வீடு கட்டியவன் எவனும் அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. ஒரு நாள் நான்கு கார்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன அழகு, என்ன அழகு என்றார்கள்.

அவர்களுக்குத் தலைவர் ஆற்றங்கரைத் திட்டத்தின் இயக்குநர். வாயைத் திறந்தாலே ‘நம்ம கனவு’ என்றுதான் ஆரம்பிப்பார். ஆலை மூடி வேலை போனவர்களைப் பார்த்தும் அதையே சொன்னார். ஒரே வாரத்தில் தெரு அவருக்குக் கனவு சார் என்று பெயர் வைத்துவிட்டது. அவர் கனவில் நடைபாதை இருந்தது, நீரூற்று இருந்தது, காபி குடிக்க மட்டும் இருபது இடம் இருந்தது. பட்டறைகள் இல்லை. எங்கள் தெருவின் பதினோரு பட்டறைகளில் பத்துக்கு ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை ஒதுக்கினார்கள். பதினோராவது எங்களுடையது. அதை விட்டுவைத்தது இரக்கப்பட்டு இல்லை. ‘உயிருள்ள பட்டறை ஒன்று’ என்று அவர் வரைபடத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டார். கைவசம் உயிரோடு இருந்தது நாங்கள்தான்.

நாங்கள் என்றால் நானும் என் மனைவியும். பழைய ஆலையின் பஞ்சுக் கிடங்குதான் பட்டறை. ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் மாமனார் அதை வாடகைக்குப் பிடித்து மோட்டார் பழுது பார்க்க ஆரம்பித்தார். அவருக்குப் பின் நாங்கள். பம்போ மோட்டாரோ எது வந்தாலும் கழற்றுவது, பேரிங் மாற்றுவது, திரும்ப மாட்டுவது என் வேலை. மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவள் வேலை. கிடங்குக்குள் பத்தடி உயரத்தில் போட்ட பலகைத் தளத்தில்தான் அவள் மேசை. ஏணியில் காலையில் ஏறினால் மதியம்தான் இறங்குவாள். இருபத்திரண்டு வருடமாக எனக்குப் புத்திமதி மேலிருந்துதான் வருகிறது.

பத்தடி என்பது பந்தாவுக்காக வைத்த உயரம் இல்லை. வாசல் சுவரில், தெருவைப் பார்த்து, உளியால் வெட்டிய ஏழு கோடுகள் இருந்தன. ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் சேறு நின்ற இடத்தில் வெட்டியவை. ஐந்து மாமனார் வெட்டியது, இரண்டு நாங்கள் வெட்டியது. அந்தத் தண்ணீரில் நின்றவர்கள் இரண்டு பேர் பார்த்து, இங்கேதான் என்று ஒத்துக்கொண்ட பிறகே உளி வைக்க வேண்டும் என்பது மாமனார் போட்ட சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு ஒன்பதடியில். மழைக்காலத்தில் கரன்ட் ஓடும் எதுவும் அதற்குக் கீழே இருக்கக் கூடாது. மோட்டார்களைச் சங்கிலி போட்டு உத்திரத்தில் தொங்கவிட்டுவிடுவோம். இன்றுவரை வெள்ளத்தில் ஒரு வாடிக்கையாளரின் மோட்டாரும் எங்களிடம் கெட்டதில்லை.

நாங்கள் தங்குவதற்கு நிபந்தனைகள் வந்தன. ஐந்து வருட ஒப்பந்தம், திறப்பு விழா அன்று கையெழுத்து, அதுவரை நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டும். சுத்தியல் சத்தம் காலை பத்துக்குள் முடிய வேண்டும். எண்ணெய்க் கறை கண்ணில் படக் கூடாது. மக்கள் நடக்க வரும் மாலை நான்கிலிருந்து ஆறு வரை நீலச் சீருடை போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். வேலை இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். அதற்கென்றே ஒரு மோட்டார் கொடுத்தார்கள், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு. தினமும் அதைக் கழற்றி மாட்டினேன். மனைவியை மட்டும் அவர்களால் நடிக்க வைக்க முடியவில்லை. தனக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது என்று மேலிருந்து சொல்லிவிட்டாள்.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒப்பந்தம் இல்லையென்றால் தகரக் கொட்டகை. பஸ் போகாத இடம். பழுதான பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே யார் வருவார்கள்? முன்னால் போன பத்துப் பேரில் நான்கு பேர் அதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். எனக்கு பயமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

விழாவுக்கு நான்கு மாதம் இருக்கும்போது எங்கள் சுவரைப் பார்க்க ஓவியர் ஒருவர் வந்தார். கோடுகளைத் தடவிப் பார்த்து உருகிவிட்டார். கனவு சாரும் கூடவே உருகினார். ஒரே ஒரு சிக்கல். மேல் கோடு இருந்த இடத்தில் பெயர்ப்பலகை வர வேண்டும். தவிர, சுவர்முன் நின்று படம் எடுக்கிறவர் தலைக்கு மேலே வெள்ளக் கோடு தெரிந்தால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். பக்கத்தில் ஃபிளாட் வாங்க வருகிறவர் யோசிப்பார். ஆகவே சுவரைச் சிமென்ட் வைத்துப் பூசினார்கள். மழமழவென்று ஆனதும், அதே ஏழு கோடுகளை நீல வண்ணத்தில், முழங்காலில் ஆரம்பித்து நெஞ்சளவில் முடியும்படி ஓவியர் அலை அலையாக வரைந்தார். பக்கத்தில் வருடங்களையும் எழுதினார். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஒன்பதடி, நாலரை அடி ஆகியிருந்தது.

மனைவி அன்று மதியத்துக்கு முன்பே ஏணியில் இறங்கி வந்து பார்த்தாள். கனவு சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“தண்ணிய இறக்கிட்டீங்க. அதுகிட்ட சொல்லிட்டீங்களா சார்?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த அம்மா சொன்னதையும் ஓர் ஓரமாக எழுதிவைக்கலாமே என்று ஓவியரிடம் யோசனை கேட்டார்.

அடுத்த வாரம் அளவு நாடாவோடு ஓர் இன்ஜினீயர் வந்தார், வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். கடைத்தெருவில் தேங்கும் மழைநீரை ஆற்றுக்குத் தள்ள ஐந்து பெரிய பம்புகள் வைக்கப்போகிறார்கள். எங்கள் பட்டறைக்கு அடுத்தாற்போல் அவற்றின் மோட்டாருக்கும் பேனலுக்கும் ஓர் அறை. அந்த அறையின் தரையை எவ்வளவு உயர்த்துவது என்பது அவர் கவலை. பழைய வெள்ளப் பதிவேடுகளைக் கேட்டிருக்கிறார். அவை பழைய வெள்ளத்தில் போய்விட்டன என்று பதில் வந்திருக்கிறது. யாரோ எங்கள் சுவரைக் கைகாட்டியிருக்கிறார்கள். அவர் மேல் நீலக் கோட்டை அளந்தார். நாலரை. பாதுகாப்புக்கு ஓர் அடி கூட்டி, ஐந்தரை என்று எழுதிக்கொண்டார். பொறுப்பான ஆள். கிளம்பும்போது திரும்பி நின்று கேட்டார்.

“அண்ணே, இந்தக் கோடு சரிதானே? நீங்கதானே இங்க ரொம்ப நாளா இருக்கீங்க.”

அவருக்குப் பின்னால் கனவு சார் நின்றார். எங்கள் ஒப்பந்தம் இருந்த கோப்பை விசிறியாக ஆட்டிக்கொண்டிருந்தார். மேலே காயில் சுற்றும் கைப்பிடியின் சத்தம் நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஓர் எண். ஒன்பது.

“பெயின்ட் நல்ல பெயின்ட்டு தம்பி. சீக்கிரம் போகாது,” என்றேன்.

அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும்படிதான் சொன்னேன். அவர்கள் சுவரைப் பூசினார்கள், நான் பேச்சைப் பூசி மெழுகினேன். மேலே கைப்பிடி மறுபடி சுற்ற வெகுநேரம் ஆயிற்று. திட்டியிருந்தால் தேவலை.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. நீரூற்று ஆடியது, ஐந்து பம்புகளுக்கும் மாலை போட்டார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆயிற்று. அதற்குப் பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். அறைதான் கட்டி முடிந்துவிட்டதே, இனிச் சொல்லி என்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் மழை பிடித்தது. வழக்கம்போல எல்லா மோட்டார்களையும் சங்கிலியில் ஏற்றினோம். மாலை நேர நடிப்புக்கான வெறும் கூட்டுக்கும் கொக்கி மாட்டப் போனேன். “அத விட்டுடுங்க, அதுக்குக் கெட்டுப்போக என்ன இருக்கு,” என்றாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆறு தெருவுக்கு வந்தது. நாங்கள் பலகைத் தளத்தில் உட்கார்ந்து வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்குள் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த திறப்பு விழா சுவரொட்டியில் கனவு சார் கழுத்தளவு மூழ்கினார். கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் உறுமிக்கொண்டிருந்த ஐந்து மோட்டார்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. பிறகு தண்ணீர் சத்தம் மட்டும்தான்.

வெளியே தள்ள பம்பு இல்லாமல் கடைத்தெரு இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தரைத்தளத்தில் இருந்த ஒரு கடையும் தப்பவில்லை. தையல்கடை அக்கா தன் பன்னிரண்டு மெஷின்களின் மோட்டாரையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, பிழைக்குமா பாருங்க என்றார். ஒவ்வொன்றாகத் திறந்து சேற்றை வழித்தேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் இந்தச் சேறு இங்கே வந்திருக்காது.

கண்துடைப்புக்கு மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. மூன்று நாள் கேட்டார்கள். தரை உயரம் இன்ஜினீயர்கள் பொறுப்பு என்றார் கனவு சார். சுவரில் இருந்ததைத்தான் அளந்தோம் என்றார்கள் இன்ஜினீயர்கள். சுவரில் இருப்பது கலை, அளவு இல்லை என்றது திட்டத்தின் பாரம்பரியப் பிரிவு. சொன்னதை வரைந்தேன் என்றார் ஓவியர். எல்லாரும் கையைக் கழுவிக்கொண்ட பிறகு இன்ஜினீயர் தம்பி எழுதிவைத்த தாளில் ஒரு வரி மிச்சம் இருந்தது: ‘உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் வாய்மொழியாக உறுதி செய்தார்.’ எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

முந்தின நாள் கனவு சார் பட்டறைக்கே வந்து என்னை ஓரமாக அழைத்துப் போனார். “ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க, போதும். உங்க ஒப்பந்தத்துக்கும் ஒண்ணும் ஆகாது, யாருக்கும் ஒண்ணும் ஆகாது.” அவர் போனதும் மேலிருந்து குரல் வந்தது.

“நாளைக்கும் பெயின்ட்டப் பத்திப் பேசிட்டு வந்தீங்கன்னா, ஏணிய மேல இழுத்துக்குவேன்.”

மறுநாள் குழுவின் முன்னால் நின்று சொன்னேன்.

“மேல் கோடு ஒம்பதடி. அத நாலரைக்கு இறக்கினத நான் பார்த்துட்டுதான் இருந்தேன். இன்ஜினீயர் தம்பி கேட்டப்ப சொல்லல. பட்டறை போயிடும்னு பயம்.”

குழுவினரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மூன்று நாளாகத் தேடியும் கிடைக்காத தப்பு ஒன்று தானாக நடந்து வந்து நிற்கிறது. நான் சொல்லாமல் விட்டதை ஒரு வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டார்கள். கோட்டை இறக்கியது யார் என்று நான் ஆரம்பித்ததும் பேனாவை மூடி, அது இந்த விசாரணையில் வராது என்றார்கள்.

அறிக்கை நூற்று நாற்பது பக்கம். தொழிலாளி ஒருவர் தகவலை மறைத்ததே வெள்ளச் சேதத்துக்கு முதன்மைக் காரணம் என்று முடிந்தது. முழுப் பழியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். என் தலையில் கொஞ்சம் கட்ட வேண்டியதுதான், மிச்சத்துக்கும் இடம் பார்த்துவிட்டார்கள். கனவு சாருக்கு இன்னொரு ஊரின் ஆற்றைப் பார்த்துக்கொள்ளும்படி பதவி உயர்வு வந்தது. எங்கள் ஒப்பந்தம் ரத்து. காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள்.

கடைசி நாள் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு மனைவி உளியையும் சுத்தியலையும் என் கையில் கொடுத்தாள். ஏணியை வாசல் சுவரில் சாத்தினோம். பெயர்ப்பலகை வெள்ளத்தோடு போயிருந்தது, எட்டரை அடியில் சேறு இன்னும் தெரிந்தது. இங்கேதான் என்றேன். இங்கேதான் என்றாள். வெட்டினேன். சுத்தியலின் நாலாவது அடிக்கே மேலே இருந்த பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மாமனாரின் ஒன்பதடிக் கோடு வெட்டினபடியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்காத மாதிரி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தகரக் கொட்டகைக்குப் போன முதல் நாளே, இங்கே தண்ணீர் எதுவரை வரும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து அவள் ஒரு பலகைத் தளம் போட்டுக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு லாரி வந்தது. மேலே அந்த ஐந்து மோட்டார்கள். அவ்வளவு பெரிய மோட்டாருக்குக் காயில் கட்ட ஊரில் வேறு ஆள் இல்லையாம். பழைய அறையிலேயே, அதே தரையிலேயே திரும்ப வைக்கப்போகிறார்கள் என்றார் லாரிக்காரர். ஐந்தரை அடி என்பது அங்கீகரிக்கப்பட்ட உயரம், அறிக்கையே அதில் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. சுவருக்கும் புதுப் பெயின்ட் அடித்தாகிவிட்டதாம்.

காயில் கட்டி முடித்து நான் மாட்டிக்கொண்டிருந்த நாளில் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சுவரில் பொய்யான வெள்ளக் கோடு வெட்டியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மனைவி அதை வாங்கி, காயிலுக்கு அடியில் வைக்கும் தாளைச் சோதிப்பது மாதிரி இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள்.

“வெறும் காகிதம். கரன்ட் தாங்காது,” என்று கீழே போட்டாள். “அஞ்சுலயும் அடிச்சாச்சா?”

நான்கில் அடித்திருந்தேன். இரும்பில் எழுத்துப் பதிக்கும் அச்சுகளை எடுத்துக்கொண்டு ஐந்தாவது மோட்டாரிடம் போனேன். ‘தண்ணீர் ஒன்பதடி வரும், அதற்கு மேலே வைக்கவும்’ என்று அதன் முதுகிலும் பதித்தேன், எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் மூடாத ஆழத்துக்கு.