மூலை வைத்த எழுத்து

பிள்ளையைக் கெடுத்தது நான்தான். வாத்தியாரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்படி நினைத்துக்கொண்டே சாராள் குனிந்தபடி பிரஷ்ஷைச் சிவப்பில் தோய்த்தாள். போடி கடைத்தெருவில் வைகுண்டராஜின் அச்சகம். ஏலக்காய்க் கடைத் திறப்புவிழாச் சுவரொட்டிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. எழுத்துகளுக்குக் கறுப்பு ஓரம் மட்டும்தான். உள்ளே வெறும் தாள். அந்த இடத்தில் கையால் சிவப்பு நிரப்புவது அவள் வேலை.

அந்த எழுத்தை வரைந்தவளும் அவளே. லினோ என்ற ரப்பர் மாதிரியான அச்சுத் தகட்டில் பிளேடால் வெட்டும்போது வளைவுகள் பிய்ந்துபோயின. சுழி, கொம்பு எல்லாவற்றையும் நேர்கோடாக மடக்கி மூலை வைத்தாள். எழுபத்தெட்டாம் வருஷத்துக்குள் கடமலைக்குண்டு வரை கடைப்பலகைகளிலும் பஸ்களின் நெற்றியிலும் அதே எழுத்து ஏறிவிட்டது. வைகுண்டராஜ் எழுத்து என்றார்கள்.

அச்சில் நேராக விழ, தகட்டில் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். புருஷன் போன பிறகு சாராள் வீட்டிலும் உட்கார்ந்து வெட்டினாள். மகள் செல்வமணி அந்தத் தகடுகளை விரலால் தடவித் தடவித்தான் எழுத்துப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு எழுதினாள். இன்று காலை பள்ளியைவிட்டே அனுப்பிவிட்டார்கள். இப்போது அச்சக மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தாள், உள்ளங்கைகளில் பிரம்புத் தடம்.

"ஏத்தா சாராளு, பிள்ளைய அனுப்பிட்டாகளாமே?" என்றார் வைகுண்டராஜ்.

"ஆமா அண்ணாச்சி. இவ நோட்டக் கண்ணாடி வச்சுத்தான் படிக்கணும்னு பெரிய வாத்தியார் சொன்னாக."

பைண்டிங் வேலை பார்க்கும் ஒச்சாண்டி சிரித்தான். "வாத்தியாருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு."

வைகுண்டராஜ் சிரிக்கவில்லை. தகட்டுத் துண்டு ஒன்றையும் பிளேடையும் நீட்டினார். "இங்கன வா குட்டி. தேனின்னு வெட்டு பாப்போம்."

செல்வமணி பென்சில் கோடுகூடப் போடவில்லை. மூலை மூலையாக, உள்ளே வெற்றிடம் விட்டு, திருப்பியே வெட்டினாள். அவர் மை தடவித் தாளை அழுத்தி எடுத்தார். 'தேனி' நேராக விழுந்திருந்தது.

"அடேயப்பா! என்னா கை!"

பிள்ளை சிரித்தது. அவள் எழுத்தை ஒருவர் மெச்சியது இதுதான் முதல்முறை.

வைகுண்டராஜ் சாராள் பக்கம் திரும்பினார். "பஸ் கம்பெனிக்காரக புதுசா முழு எழுத்து செட்டும் கேக்குறாக. ஒனக்குக் கட்டைவிரல் மரத்துப்போச்சு. நாளையிலருந்து இவ உக்காரட்டும். பள்ளிக்கூடத்துல ஒதவாத கை, எனக்கு ஒதவும்."

"ஒம்போது வயசு அண்ணாச்சி."

"அதான் நல்லது. பழகிரும். அவளச் சேத்தாத்தான் ஒனக்கும் இங்கன வேல, பாத்துக்க."

செல்வமணி அம்மாவையே பார்த்தாள். வரட்டும் என்று சொல்லிவிடமாட்டாளா என்ற ஆசை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது.

சாராள் பெயிண்ட் டப்பாவை மூடினாள். பாதி நிரப்பிய சுவரொட்டியை அப்படியே விட்டு எழுந்து, மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து பிளேடை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அவ வரமாட்டா அண்ணாச்சி."