வெள்ளம் என்றான் டிஜோ

வண்டித்தாவளம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். எங்கள் ஆம்னி வேன் இரண்டு தடவை விக்கியது, ஒரு தடவை குலுங்கியது, பிறகு ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நின்றேவிட்டது. உள்ளே இருந்த ஏழு பெண்களும் ஒன்றாக "ஐயோ" என்றோம். ஓட்டி வந்தவள் நான், நர்மதா. என்னுடைய 'ஐயோ' மட்டும் ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்ந்து வந்தது.

கோபம் வராதா? ஓணத்துக்குக் கொல்லங்கோட்டில் வடம்வலி. கயிறு இழுக்கும் போட்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பெண்கள் பிரிவில் இரண்டே அணி: எருத்தேன்பதியிலிருந்து நாங்கள், பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒன்று. போன ஓணத்துக்கு நாங்கள் பேசி வைத்த ஜீப் வரவேயில்லை. பீர்மேட்டுக்காரிகள் அத்தனை மலை இறங்கி வந்து, எதிரில் ஆளில்லாமல் வெறும் வடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். இந்தத் தடவை போட்டி நடத்தும் கிளப்பின் செயலாளர் சூசையப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மணிக்குள் இரண்டு அணியும் எடை பார்க்க வந்து நிற்காவிட்டால், அடுத்த ஓணத்திலிருந்து பெண்கள் வலியே கிடையாது. அதனால்தான் யாரையும் நம்பாமல் எங்கள் வீட்டுப் பழைய வேனையே எடுத்து வந்தேன். அதுவும் காலை வாரிவிட்டது.

"மணி ரெண்டாகப் போகுதுங்க்கா," என்றாள் தமிழ்ப்ரியா. எங்கள் அணியில் முதல் ஆளாக வடம் பிடிப்பவள்.

"மணி சொல்லாத, இறங்கு," என்றேன்.

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி மடக்கினேன். வீடியோ பார்த்துப் பார்த்து இந்த வண்டியின் வயிற்றைக் கொஞ்சம் படித்திருந்தேன். முதலில், பெட்ரோல் வருகிறதா? கார்புரேட்டருக்குப் போகும் ஓஸைப் பிடுங்கி, அதன் முனையைக் காலி பாட்டிலுக்குள் விட்டேன். தமிழ்ப்ரியா சாவியைத் திருப்பினாள். பாட்டிலுக்குள் சளக் சளக் என்று கலங்கலாக விழுந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. பம்ப் நன்றாக இருக்கிறது, ஓஸில் அடைப்பில்லை! ஓஸைப் பழையபடி மாட்டி, பாட்டிலை மரநிழலில் வைத்துவிட்டு, கொழிஞ்சாம்பாறை மெக்கானிக் டிஜோவுக்குப் போன் போட்டேன்.

போனில் அவனுக்குப் பின்னால் செண்டைச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். அவனும் ஓணத்தில் இருந்தான். வண்டி விக்கியதையும் நின்றதையும் சொன்னேன்.

"காப்ரேட்டறில் வெள்ளமா சேச்சி. அது களஞ்ஞா மதி, வண்டி ஓடும்," என்றான். அதை வெளியேற்றினால் போதுமாம். அதோடு லைன் போய்விட்டது. மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

வெள்ளம்! எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பெருகி எஞ்சின் மூழ்கிப்போவதைத்தான் வீடியோவில் 'ஃப்ளட்' என்பார்கள். அதை அழகாகத் தமிழில் சொல்கிறான் பையன். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நனைந்திருந்தது. சரிதானே? பெருகியதை வெளியேற்ற ஒரு வழி உண்டு. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்க வேண்டும். அடித்தேன். மூச்சுப் பிடித்து அடித்தேன்.

எங்கள் அணியின் கடைசி ஆள், வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும் வள்ளியாத்தாள் அக்கா, பிளக்கை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம்மணி, பெட்ரோல் பெருகிப் போச்சுங்கற. நாத்தமே காணமே?"

"நீங்க சும்மா இருங்கக்கா. டிஜோவே சொல்லீட்டான்."

பிளக்கை வாங்கி மாட்டிவிட்டு மறுபடி அடித்தேன். கிர்ர், கிர், என்று இழுத்துப் பேட்டரியும் படுத்துவிட்டது. இப்போது வெறும் டிக், டிக். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சூசையப்பன் மைக்கில் எங்கள் பெயரை எப்படி வாசிப்பார் என்பதுகூடக் காதில் கேட்டது.

"அக்கா, இங்க வாங்களே," தமிழ்ப்ரியா நிழலிலிருந்து கத்தினாள். "இந்த பாட்டில்ல அடியில தனியா தண்ணி நிக்குதுங்க்கா!"

ஓடிப் பார்த்தேன். கலங்கல் தெளிந்து, மேலே மஞ்சளாகப் பெட்ரோலும் அடியில் கால் பாட்டிலுக்குத் தண்ணீரும் நடுவில் கோடு போட்டாற்போல் நின்றன.

தண்ணீர். மலையாளத்தில் வெள்ளம்!

தலையில் அடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து பாலக்காட்டில் இருக்கிறேன். ஹோட்டலில் உட்கார்ந்தால் "சேட்டா, கொறச்சு வெள்ளம்" என்று நானே கேட்கிறேன். டிஜோ பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அவன் பாஷையில் சொன்னான். நான் தமிழில் கேட்டேன். வெளியூர்க்காரியாக இருந்தால் 'என்ன வெள்ளம்?' என்று திருப்பிக் கேட்டிருப்பாள். எனக்குத்தான் இரண்டு பாஷையும் தெரியுமே!

வள்ளியாத்தாள் அக்கா வேனைச் சுற்றிப் போய் டேங்க் வாயைத் திறந்தார். மூடி இல்லை. மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜவுளிக்கடைக் கவர், ரப்பர் பேண்ட் போட்டு! மூடியைத் தொலைத்துவிட்டு என்னிடம் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார் என் வீட்டுக்காரர் ஆனந்தகுமார். ராத்திரி பெய்த மழை முழுக்க நேராக டேங்குக்குள் போயிருக்கிறது. "அவரை வந்து கவனிச்சுக்கறேன்," என்றேன்.

இனி டேங்க்கை நம்ப முடியாது. டேங்க்கை விட்டுவிட்டு வண்டியை ஓட்ட வேண்டும். மொபெட்டில் மீன் விற்றுக்கொண்டு வந்த ஒருவரை வள்ளியாத்தாள் அக்கா நடுரோட்டில் மறித்து நின்றார். அவரை மீறிப் போக யாருக்குத் தைரியம் வரும்?

"ஏனுங்க, ஒரு பாட்டில் பெட்ரோல் குடுத்துட்டுப் போங்க. வலிக்குப் போகோணும்."

"வடம்வலிக்கோ? எந்நா பிடிச்சோ!" அப்படியானால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவர் சிரித்துக்கொண்டே மொபெட்டிலிருந்து ஒரு பாட்டில் நிறையப் பிடித்துக் கொடுத்தார்.

கார்புரேட்டரின் பக்கத்துப் போல்ட்டைக் கழற்றி உள்ளே நின்ற தண்ணீரை வடித்தேன். டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ஓஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் வண்டியில் கிடந்த வேறொரு ஓஸைச் செருகி, மறுமுனையை மீன்காரர் பாட்டிலுக்குள் விட்டேன். பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தமிழ்ப்ரியா பின் சீட்டில் உட்கார்ந்தாள். பிளக்கை மறுபடி கழற்றித் துடைத்துப் போட்டேன். எல்லாம் தயார், பேட்டரி தவிர.

"தள்ளலாமா?" என்றேன்.

"தள்றது எதுக்கு?" வள்ளியாத்தாள் அக்கா பயிற்சி வடத்தை எடுத்து வேனின் முன் கொக்கியில் முடிந்தார். "நம்ம வேலையே இழுக்கறதுதான, அம்மணி!"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தபடி வடத்தைப் பிடித்தார்கள். அக்கா கடைசியில் நின்று "ஹோய்!" என்றார். ஐந்து உடம்பும் பின்னால் சாய்ந்தன. வேன் அசைந்தது, நகர்ந்தது, உருண்டது. அவர்கள் பின்னோக்கி ஓடுகிறார்கள், நான் அவர்களை நோக்கி வருகிறேன். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன். டுப். டுப். ஒன்றுமில்லை.

"ஹோய்!"

மறுபடி விட்டேன். ஒரு இருமல், ஒரு கரும்புகை, பிறகு எஞ்சின் அலறியது! நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே கத்தினேன். ஐந்து பேரும் வடத்தைப் போட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் தாவினார்கள். அணைந்துவிடக் கூடாது என்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஒவ்வொருவராக ஓடி வந்து ஏறினார்கள். வண்டிக்குள் ஒரே சிரிப்பும் பெட்ரோல் நெடியும்.

"பாட்டில் பாதி ஆச்சுங்க்கா!" தமிழ்ப்ரியா பின்னாலிருந்து வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தாள். "கால் பாட்டில்தான்! கை வேற மரத்துப்போச்சு!"

"கீழ போட்டா கொன்னுருவேன்!"

மைதான வாசலில் நுழையும்போது சூசையப்பன் குரல் மைக்கில் கேட்டது. "எருத்தேன்பதி டீம் எத்திச்சேர்ந்நிட்டில்லாத்ததினால்..." நாங்கள் வந்து சேரவில்லை என்று அறிவிக்கிறார்! நான் ஹாரனில் கையை வைத்தேன், எடுக்கவில்லை. கூட்டம் விலகியது. எடை மேடைக்கு முன்னால் வேன் தானாகவே அணைந்தது. பாட்டில் காலி.

சூசையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், எங்கள் கருத்த கைகளைப் பார்த்தார், மைக்கைக் கீழே இறக்கினார். பீர்மேட்டு அணித்தலைவி சுருளியம்மாள் ஏற்கெனவே வடத்தின் ஒரு முனையில் நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டியளா? போன வருசம் இந்த வடத்த வெறுமனே தொட்டுட்டுப் போனோம்லா," என்றாள். "கையத் துடைங்க. வாங்க."

ஒரு வலி அவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வலி நாங்கள். மூன்றாவதில் வடம் இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் நின்று நடுங்கியது. மைதானமே எழுந்து கத்தியது, ஆண்கள் அணிகளுக்குக்கூட அப்படிக் கத்தவில்லை. கடைசியில் எங்கள் கால்கள் வழுக்கின. மொத்தமாகச் சேற்றில் விழுந்தோம், தோற்றோம்.

விழுந்த இடத்திலேயே மல்லாந்து கிடந்தோம். மைக்கில் சூசையப்பனுக்கே குரல் கட்டியிருந்தது. "அடுத்த ஓணத்தினும் பெண்களுடே வடம்வலி உண்டாயிரிக்கும்!"

வள்ளியாத்தாள் அக்கா சேற்றில் கிடந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். "தோத்துட்டு எதுக்குங்க்கா இந்தச் சிரிப்பு?" என்றாள் தமிழ்ப்ரியா.

"அட, அடுத்த வருசம் ஜெயிக்கலாமல்லொ கண்ணு," என்றார் அக்கா.