வந்த நாள் முதல் வயது

பூவந்துறையில் குடியேறும் வெளிநாட்டாருக்கு வயது, வந்திறங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. நார்வேயில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று வந்த சிக்ரித்துக்கு இந்தத் தையில் மூன்று முடிந்தது. காலையில் அங்கன்வாடிக்குப் போவாள். முட்டி மடங்காததால் அவளுக்கு மட்டும் சுவரோரம் நாற்காலி. கூட வந்த கணவர் ஒன்றரை வயதில் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில், குழந்தைகளுக்கு ஒதுக்கிய வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். குழியைத்தான் கொஞ்சம் நீளமாக வெட்ட வேண்டியிருந்தது.

சித்திரையில் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவருக்குக் காப்பாளர் வேண்டும். ஓஸ்லோவில் இருக்கும் மகன் எஸ்பென், வயது நாற்பத்து நான்கு, விண்ணப்பித்திருக்கிறார். பிள்ளையை அவரிடம் அனுப்பிவைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ரெஜினா அவளுக்குத் தலை சீவி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, கையைப் பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள்.

"வா பாப்பா, உட்காரு," என்றார் அலுவலர் மாசிலாமணி. "ஊருக்குப் போறியா? பனியில விளையாடலாம்."

"போக மாட்டேன்."

"அடம் பிடிக்கக் கூடாது."

"வந்ததிலேருந்தே இப்படித்தான் சார்," என்றாள் ரெஜினா. "சொன்ன பேச்சு கேக்காது."

வேப்பமரத்தடியில், கணவரின் பக்கத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அதை விட்டுப் போவதற்கில்லை. சிக்ரித் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு மூணு வயசுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. மூணு வயசுல எனக்கு ஏது பிள்ளை? எஸ்பென் இன்னும் பிறக்கல. பிறக்காதவன் கையெழுத்தை எப்படி வாங்கினீங்க?"

மாசிலாமணி பதிவேட்டைப் புரட்டினார். விரல்விட்டு எண்ணினார். பிறகு விண்ணப்பத்தின் மேல் சிவப்பு மையில் 'மனுதாரர் பிறக்கவில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"அப்ப யார் பாத்துக்கறது இதை?"

"நான்தான், வேற யாரு. மூணு வயசுக்கு வாயைப் பாருங்க சார்," என்றபடி ரெஜினா கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் போன் வந்தது. எஸ்பென்தான். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அம்மா, இங்க ரொம்ப இருட்டா இருக்கு. கையைக் காலை நீட்ட முடியல."

"அப்படித்தான் இருக்கும்."

"எவ்வளவு நாள் காத்திருக்கணும்?"

"புரண்டு படுத்துக்கோ," என்றாள் சிக்ரித். "நான் முதல்ல ஒண்ணாம் வகுப்புல சேரணும்."