டிரைவர் கிடைக்கவில்லை

பாப்பா மேசைக்கு அடியில் மண்டியிட்டு, வெப்கேமின் வயரை ஐந்தாவது முறையாகப் பிடுங்கிச் செருகினாள். திரையில் அதே பெட்டி வந்து நின்றது: இந்தச் சாதனத்துக்கான டிரைவர் கிடைக்கவில்லை.

"என்னம்மா சொல்லுது?" என்று அம்மா நாற்காலியிலிருந்தே கேட்டாள்.

"டிரைவர் இல்லைங்குது."

"டிரைவர் வந்தாச்சே. வெளியில வண்டிகிட்ட நிக்கிறாரு. மாமா இப்பத்தான் டீ குடுத்துட்டு வந்தான்."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு முதலில் சிரித்திருப்பவர் அப்பா. அவர் கூடத்தின் நடுவில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, மூக்குக்கண்ணாடி இல்லாத முகத்தோடு கிடந்தார். நேற்று மதியம் இரண்டு மணிக்கு, பாப்பா மாத்திரை வாங்கப் போயிருந்த இருபது நிமிடத்தில், போய்விட்டார். இன்று ஒன்பதரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். மணி எட்டு ஐம்பது.

"போன்ல காட்டிட்டுப் போலாமேம்மா. எதுக்கு இந்த டப்பாவோட மல்லுக்கட்டுறே?" வாசலிலிருந்து மாமா கேட்டார். அம்மாவின் தம்பி. காலையிலிருந்து இதை நாலு தடவை கேட்டுவிட்டார்.

"அண்ணன் இருக்கறது நடுக்கடல்ல மாமா. அங்க போனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கம்பெனி புரோகிராம்லதான் பேச முடியும். அதுவும் பதிஞ்சு வெச்ச வீட்டு கம்ப்யூட்டர்ல மட்டுந்தான்."

அண்ணன் எண்ணெய்க் கிணற்று மேடையில் வெல்டர். ஹெலிகாப்டர் அடுத்த செவ்வாய்க்கிழமைதான். அதற்கு முன் ஆளை அனுப்ப வழியில்லை என்று கம்பெனி நேற்றே கையை விரித்துவிட்டது. இன்று காலை எட்டு மணிக்குத்தான் பெரிய மனது பண்ணி ஒரு கடிதம் அனுப்பியது: துக்கத்தை முன்னிட்டு ஒன்பது மணி முதல் இருபது நிமிடம் வீடியோ அழைப்புக்கு அனுமதி. புது கேமரா வாங்கலாம் என்றால் கடை திறப்பது பத்து மணிக்கு.

இந்தக் கம்பெனியை நினைத்தாலே பாப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதம் ஒன்றாம் தேதி முதல் புது ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தால்தான் புரோகிராம் திறக்கும் என்று உத்தரவு போட்டவர்கள் அவர்கள். போட்டாள். போட்டதும் புது சிஸ்டம் ஒன்பது வருஷத்துப் பழைய கேமராவைப் பார்த்து இது யார் என்று கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த வீட்டை நடுக்கடலுக்குக் காட்டிக்கொண்டிருந்த கேமரா. தயாரித்தவனைக் கூப்பிட்டால், அந்த மாடலை நிறுத்தி நாளாயிற்று, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று இனிக்க இனிக்கச் சொன்னான் ஒருவன். நல்லா இருக்கற சாமானை எதுக்குத் தூக்கிப் போடணும் என்று அப்பா மறுத்துவிட்டார். பாப்பாவுக்கும் வீம்பு வந்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் பிரிண்டர் முரண்டு பிடித்தால் தலைமையாசிரியரே அவளைத்தான் கூப்பிடுவார். முப்பத்தெட்டு வயதாகியும் பாப்பா என்று கூப்பிடுகிற இந்த வீட்டில்தான் அவள் பேச்சு எடுபடாது.

வீம்பு மட்டும் இல்லை. அப்பாவின் நோய் தெரிந்து இரண்டு மாதமாகியிருந்தது; உடம்பு உருகத் தொடங்கியது இந்த மாதந்தான். முதல் நாள் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போதே அவர் பாப்பாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். "பெரியவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. ஒப்பந்தம் முடிய நாலு மாசந்தான் இருக்கு. நடுவுல எறங்கினா திரும்ப ஏத்திக்க மாட்டானுங்க. முடிச்சிட்டு வரட்டும்." அவளும் சரி என்றுவிட்டாள். சரி என்றவளுக்கு ராத்தூக்கம் போயிற்று. அப்புறம் ஒரு வழி தோன்றியது. நான்தானே சொல்லக் கூடாது? கேமரா சொல்லட்டும். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரிய அப்பா வந்து உட்கார்ந்தால், அண்ணனுக்குக் கண் இல்லையா என்ன?

அந்த நேரம் பார்த்துத்தான் புது சிஸ்டம் வந்து கேமராவைக் கொன்றது. முதல் ஞாயிறு அப்பா வழக்கம்போல முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். படம் போகவில்லை, குரல் மட்டும் போனது. மைக் தனி. அடுத்த சனிக்கிழமை மாலை, யாரோ எங்கோ எழுதி வைத்திருந்ததைப் படித்துப் படித்து, கேமராவை இயக்கத் தயாரித்தவன் கொடுத்திருந்த டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு, சிஸ்டத்திலேயே இருக்கிற பொதுவான டிரைவரைப் பட்டியலில் தேடிப் பிடித்துப் போட்டாள். கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் கூடம் தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, நாற்காலியில் அப்பா தெரிந்தார்.

"வந்துடுச்சுப்பா!" என்று கத்தினாள்.

அப்பா தன் உருவத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கெட்டிக்காரிதான்," என்றார்.

மறுநாள் காலை எல்லாம் கறுப்பு. விளக்கு எரிகிறது, படம் இல்லை. கேமராவுக்கான அனுமதிகளைத் திறந்தாள், மூடினாள், மறுபடி போட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே கறுப்பு. அப்பா சவரம்கூடச் செய்யாமல் பழைய பனியனோடு வந்து உட்கார்ந்து, குரலை மட்டும் கணீரென்று வைத்துக்கொண்டு மகனோடு முக்கால் மணி நேரம் பேசினார். "அப்பாவுக்கு என்ன, கிண்ணுனுதான் இருக்காரு. குரலே சொல்லுதே," என்று அண்ணன் சிரித்தான். பாப்பா சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

போதாததற்கு நேற்று ராத்திரி சிஸ்டம் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டு, அவள் போட்ட டிரைவரையும் துடைத்துவிட்டது. 'உங்களுக்காக மேம்படுத்தியிருக்கிறோம்' என்று ஒரு அறிவிப்பு வேறு. யார் உங்களைக் கேட்டது? வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது, உங்களுக்கு மேம்பாடா?

எட்டு ஐம்பத்தாறு. பட்டியலைத் திறந்தாள். தெரியாத சாதனம். டிரைவரை மாற்று. நானே தேர்ந்தெடுக்கிறேன். பொது வீடியோ சாதனம். இது பொருந்தாமல் போகலாம் என்று எச்சரித்தது. "பரவால்ல, போடு சனியனே," என்றாள் வாய்விட்டு. பச்சை விளக்கு எரிந்தது.

திரை கறுப்பு.

ஒன்பது மணிக்கு அழைப்பு மணியடித்தது. அண்ணன் திரையில் வந்தான். ஆரஞ்சு நிற வேலையுடுப்பு, பின்னால் இரும்புச் சுவர், கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பேர்.

"பாப்பா, அப்பா எங்க? கறுப்பா இருக்கு."

"இருண்ணா. ஒரு நிமிஷம்."

"மொகத்தை ஒரு தடவை காட்டிடு பாப்பா. இருபது நிமிஷந்தான் குடுத்திருக்கானுங்க."

"தெரியுதுண்ணா, எனக்குந்தான் கடிதம் வந்துச்சு!" குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குள் ஒரு வரி போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தயாராக இருந்தது: குரலைக் கேட்டுக் கணக்குப் போட்டியே, ஒரு தடவையாவது சந்தேகப்பட்டியா? அப்பாவின் முகம் தெரிந்ததும் அதைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். யார் முன்னால் என்றாலும் சரி.

அனுமதிகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஒன்பது ஏழு. வயரை மாற்றினாள். ஒன்பது பத்து. அண்ணன் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெளம்பறதுக்குக் கையெழுத்து ஒண்ணு வேணும்மா," என்று ஒரு காகிதத்தோடு உள்ளே வந்து நின்றார் வண்டிக்காரர். அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "லைட்டு எரியுதே?"

"எரியுது. படந்தான் வரலை. டிரைவர் பிரச்சனை."

அவர் ஒரு கணம் விழித்தார். தன்னைச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டு, "எனக்கு கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதும்மா," என்றார். "எங்க வண்டியில பின்னால கேமரா வெச்சிருக்கு. மழையில சேறு அடைச்சா இப்பிடித்தான் கறுகறுன்னு வரும். துடைச்சுப் பாத்தீங்களா?"

பாப்பா துடைத்துப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக அவள் திரையைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், எவனெவனோ எழுதியதைப் பார்த்தாள். கேமராவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கட்டைவிரலால் லென்சைத் தேய்த்தாள். கண்ணாடி வழுக்கவில்லை. நகத்தில் ஒரு ஓரம் சிக்கியது. சுற்றியிருந்த வளையத்துக்குள் பதுங்கி, லென்சின் அளவுக்கே வட்டமாக, ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு.

டேப்பை எல்லோரும் பல்லால் கடித்துத்தான் பிய்ப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த அப்பா ஒருவர்தான் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுவார். இந்த வட்டத்தில் ஒரு பிசிறு இல்லை. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு இதை வெட்ட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

டேப் உரிந்து விரலோடு வந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

ஆத்திரமாக வந்தது அவளுக்கு. கம்பெனிமேல் இல்லை, சிஸ்டத்தின்மேலும் இல்லை. என்னைக் கெட்டிக்காரி என்றீர்களே, எத்தனை மணி நேரம் இதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? இது அநியாயம் அப்பா. திரும்பி அவரைப் பார்த்தாள். அவரோடு இனிமேல் யாரும் சண்டை போட முடியாது.

"பாப்பா," அண்ணன் கூப்பிட்டான். "தெரியுது."

அவள் கேமராவைத் திரையின் மேலிருந்து கழற்றி, வயர் எட்டுகிறவரை கொண்டுபோய், அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அண்ணன் பக்கத்திலிருந்து ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது.

"எப்ப இப்பிடி எளைச்சாரு? போன ஞாயித்துக்கிழமைகூட அவ்வளவு பேசினாரே. கேமரா ஓடியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். எப்பிடியாவது வந்திருப்பேன். ஏன் பாப்பா சரி பண்ணாம விட்டே?"

தயாராக இருந்த வரி இருந்த இடத்திலேயே கிடந்தது. அதற்குப் பதிலாகச் சொல்லக்கூடிய உண்மை ஒன்று அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து, புடவை முந்தானையின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினாள். அம்மாவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

"பழைய கேமராண்ணா," என்றாள் பாப்பா. "புது சிஸ்டத்துக்கு ஒத்து வரலை. என்னாலயும் முடியலை."

"ஒரு கேமராவ சரி பண்ண முடியலையா ஒனக்கு?"

"முடியலைண்ணா."

ஒன்பது இருபதுக்கு, அவன் அப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கம்பெனி அழைப்பைத் துண்டித்தது. மாமா உள்ளே வந்து கூப்பிட்டார். ஆட்கள் எழுந்தார்கள். வண்டிக்காரர் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்தார்.

கேமராவை அவள் பழைய இடத்திலேயே மாட்டினாள். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரையில் கூடம் தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, அப்பாவைத் தூக்கக் குனிகிற நாலு முதுகுகள் தெரிந்தன. பாப்பா கட்டைவிரலிலிருந்து டேப்பை உரித்து, ஓரம் பிசகாமல் லென்சின் மேல் ஒட்டி, நன்றாக அழுத்திவிட்டாள். பிறகு அம்மாவை எழுப்பக் கையை நீட்டினாள்.