ஒன்று புள்ளி ஒன்பது

பி.டி. மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போகும்போது விசிலைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்தார், ஸ்டாப்வாட்சை ஒப்படைக்கவில்லை. அது இன்றுவரை அவர் கழுத்தில்தான் தொங்குகிறது. குளிக்கப் போகும்போது மட்டும் அமுக்கி விட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டுவார், வெளியே வந்ததும் எவ்வளவு நேரம் குளித்தோம் என்று பார்த்துக்கொள்வார். பால் பொங்க எவ்வளவு, எதிர்வீட்டு நாய் குரைத்து ஓய எவ்வளவு, வீட்டம்மாவின் கோபம் தணிய எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. கடைசி இனத்தில் மட்டும் நேரம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போவதாகச் சொல்வார்.

அந்தக் காலத்தில் அவர் மைதானத்தில் விசில் ஊதினால் வெளியே சாலையில் போகிற பஸ் நின்றுவிடும். ஒருமுறை டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து மாணவர்களோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். கண்டக்டர் நின்றது உண்மை. டிரைவர் விஷயத்தில் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்ததில் மாஸ்டருக்கு ஒரே ஒரு ஞானம் கைகூடியிருந்தது. எண் சின்னதாக இருந்தால் ஆள் வேகம். நூறு மீட்டரைப் பன்னிரண்டில் ஓடுபவன் வீரன், இருபதில் ஓடுபவன் தொந்திக்காரன். இந்த ஞானம்தான் அவரைக் குப்புறத் தள்ளியது.

அவர் ஊர் விளையாட்டு மன்றத்தில் வருடம் ஒருமுறை அறுபத்தைந்திலிருந்து எழுபது வயதுக்காரர்களுக்கு நூறு மீட்டர் ஓட்டம் உண்டு. மொத்தம் எட்டே லேன். குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும், முதல் எட்டுப் பேருக்கு இடம். போன வருடம் மாஸ்டரின் பழைய போன் அந்தப் பக்கத்தைத் திறப்பதற்குள் எட்டு லேனும் நிறைந்துவிட்டன. அந்தப் போனின் இலட்சணம் அப்படி. அதில் ஒருவர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, தாமதமாகித் தாமதமாகி, அடுத்த பிறந்தநாளுக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தது.

மாஸ்டர் இல்லாத அந்த ஓட்டத்தில் கோப்பையை வாங்கியவர் வேறு யாருமில்லை, சாட்சாத் அவருடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த இடம். கோப்பையைத் தன் வீட்டு டிவிக்கு மேலே வைத்திருந்தார். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மாஸ்டர் அதற்கு எதிரேதான் உட்கார வேண்டும். டிவியில் என்ன செய்தி ஓடினாலும் அவருக்கு அது தன் தோல்விச் செய்தியாகவே பட்டது.

இந்த வருடம் மாஸ்டருக்கு எழுபது. அடுத்த வருடம் எழுபத்தொன்று. இந்த முறை லேன் கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பைக்கு எதிரே ஆயுசுக்கும் உட்கார வேண்டியதுதான்.

சம்பந்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். நீதிபதி வாயைத் திறக்குமுன் பாதித் தீர்ப்பை அடித்து முடித்துவிடுவார். ஒருமுறை நீதிபதி கடைசி நேரத்தில் மனம் மாறினாராம். "அடிச்சாச்சுங்க ஐயா" என்று இவர் சொன்னதால் ஒரு ஆள் விடுதலையானான். அவருடைய மெஷினில் முற்றுப்புள்ளிக் கட்டை மட்டும் ஒரு தட்டுக்கு மசியாது, இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். மெஷின் போய்விட்டது, விரலுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. காலிங் பெல்லைக்கூட இரண்டு தரம்தான் அமுக்குவார்.

பதிவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், மாஸ்டர் போன் கடைக்குப் போனார். கடையில் ஒரு பெண் கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாதிரி போன் பாக்கறீங்க சார்? கேமரா நல்லா இருக்கணுமா?"

"கேமரா கிடக்கட்டும்மா. நெட்டு ஓடணும். எது வேகமா ஓடும்னு எனக்கு ஓடவிட்டுக் காட்டணும்."

"தாராளமா. ஒரே சிம்மை மாத்தி மாத்திப் போட்டுக் காட்டறேன், நீங்களே பாத்துக்குங்க."

அவள் மூன்று போன்களை வரிசையாக வைத்தாள். மாஸ்டருக்கு அந்த வரிசை பிடித்திருந்தது. மூன்றும் கோட்டைத் தாண்டாமல் நின்றன. முதல் போனில் சிம்மைப் போட்டு வேகம் பார்க்கும் பக்கத்தைத் திறந்தாள். முள் விருட்டென்று ஏறியது. தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு என்று காட்டியது. எண்ணுக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ எழுத்து. மாஸ்டர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"தொண்ணூத்தி நாலு சார்!" என்றாள் அவள், பெருமையாக.

மாஸ்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொண்ணூத்தி நாலா? அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டே முடிச்சிருப்பேன். அடுத்தது."

அவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். இரண்டாவது போன் நாற்பத்தொன்று காட்டியது. "இவன் பரவாயில்லை, பயிற்சி குடுத்தாத் தேறுவான்" என்றார் மாஸ்டர். மூன்றாவதைக் கையில் எடுக்கும்போதே அவள் தயங்கினாள். "இது பழைய மாடல் சார். டார்ச் நல்லா எரியும்னு வயசானவங்க கேப்பாங்க. அதுக்காக வெச்சிருக்கோம்."

முள் கிட்டத்தட்ட அசையவே இல்லை. நல்ல ஓட்டக்காரன் அலட்டிக்கொள்ள மாட்டான் என்பது மாஸ்டருக்குத் தெரியும். எண் வந்தது. ஒன்று புள்ளி ஒன்பது.

மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இன்னொரு தரம் ஓடவிடு."

ஒன்று புள்ளி எட்டு.

"பாத்தியா! ஓட ஓட முன்னேறுறான்!"

"சார், இது வேண்டாம் சார்."

"ஏன் வேண்டாம்?"

"சொன்னாக் கேளுங்க சார். முதல்ல காட்டினதுதான் சார் நல்ல போன். இதைக் குடுத்தா நாளைக்கு நீங்களே வந்து என்னைத் திட்டுவீங்க."

மாஸ்டர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, வேற யாருக்காவது எடுத்து வெச்சிருக்கியா? ஒரு டைப்பிஸ்ட் வந்து சொல்லிட்டுப் போனாரா? உயரமா, காலிங் பெல்லை ரெண்டு தரம் அடிக்கிறவரு?"

"எங்க கடையில காலிங் பெல்லே இல்ல சார்."

"மழுப்பாத. இதையே பில் போடு."

அவள் பில் போட்டாள். போட்டுவிட்டு, மனசு கேட்காமல், பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கடை திறந்ததும் மாற்றித் தருவதாக அதன் பின்புறத்தில் எழுதியும் கொடுத்தாள். நேர்மைக்காரி. மாஸ்டர் அதை வஞ்சகத்தின் கடைசிக் கட்டம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மாஸ்டரின் வீட்டம்மா கணக்கு டீச்சராக இருந்தவர். வீட்டிலும் அவர் டீச்சர்தான், மாஸ்டர் அப்படித்தான் கூப்பிடுவார். சாயங்காலம் மாஸ்டர் புதுப் போனைக் காட்டி மூன்று போன்களின் ஓட்டத்தையும் வர்ணித்தார். டீச்சர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். தொண்ணூற்று நான்கு தோற்ற இடம் வந்ததும் கத்தி நின்றது.

"என்னங்க, அது என்ன எண்ணுன்னு நினைச்சீங்க?"

"வினாடி. வேற என்ன?"

டீச்சர் எழுந்து, ஒரு வாளியைக் குழாயடியில் வைத்தார். "வாட்சை எடுங்க" என்றார். குழாயை நூலாகத் திறந்துவிட்டார். மாஸ்டர் அமுக்கினார். வாளி நிறையுமா என்று இருவரும் பார்த்தபடி நின்றார்கள். நிற்க நிற்க எதிர்வீட்டு நாய் குரைத்து ஓய்ந்து, மறுபடி குரைத்தது. வாளியில் கால்வாசி.

"இது உங்க ஒண்ணு புள்ளி ஒம்பது" என்றார் டீச்சர். பிறகு குழாயை முழுக்கத் திறந்தார். வாளி கண்மூடித் திறப்பதற்குள் வழிந்து அவர் காலை நனைத்தது. "இது தொண்ணூத்தி நாலு. ஒரு வினாடிக்கு எவ்வளவு வருதுங்கற கணக்குங்க அது. பெருசா இருந்தாத்தான் நல்லது."

மாஸ்டர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"கடை பதினோரு மணிக்குத்தான் திறக்கும்" என்றார் கடைசியில், மெல்ல.

"பக்கத்துல யார்கிட்டயாவது கேட்டா ஒரு மணி நேரத்துக்குப் போன் குடுக்க மாட்டாங்களா?"

"ஓடுறவன் அடுத்தவன் ஷூவுல ஓட மாட்டான் டீச்சர்."

"என்கிட்ட இருக்கறது பட்டன் போன். இல்லேன்னா என் செருப்பையே குடுத்திருப்பேன்."

மறுநாள் காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாஸ்டர் குளித்து, வெள்ளை டி ஷர்ட் போட்டு, பெயர், வயது, இத்யாதி விவரமெல்லாம் நிரப்பிய பக்கத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தைத் திறக்க ஏழு மணிக்கே ஆரம்பித்திருந்தார். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ரெடி" என்றார். விசில் இல்லாததால் அவரே வாயால் ஒரு சத்தம் கொடுத்தார். மாஸ்டர் பொத்தானை அமுக்கினார்.

திரையில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நிதானமான சக்கரம்.

பத்து மணி ஒரு நிமிடத்துக்கு டீச்சரின் பட்டன் போன் அடித்தது. சம்பந்தி.

"சம்பந்தியம்மா, மாஸ்டர்கிட்டக் குடுங்க. சம்பந்தி, என்ன ஆச்சு? நான் போட்டாச்சு! பத்து அடிச்சு நாலாவது வினாடி. விரலை எடுக்கறதுக்குள்ள லேன் வந்திடுச்சு!"

"சந்தோஷம் சம்பந்தி. நம்மது இன்னும் சுத்துது."

"இன்னுமா? எட்டும் ரொம்பிடுச்சாமே! திரையில போட்டுட்டான்." சம்பந்தியின் குரல் சட்டென்று இறங்கியது. "அட, என்ன சம்பந்தி நீங்க... நீங்க இல்லாம யாரோட ஓடறது? போன வருஷமே எனக்கு ஓடின மாதிரியே இல்ல. பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடினேன்."

மாஸ்டர் சக்கரத்தைப் பார்த்தார். "டிவிக்கு மேல இருக்கறதைத் துடைச்சு வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தார்.

"அதை நிறுத்திட்டு எழுந்து வாங்க" என்றார் டீச்சர்.

"கோட்டுக்கு வராம ஒருத்தனும் பாதியில நிக்கக் கூடாது. என் பிள்ளைங்ககிட்ட அதான் சொல்லியிருக்கேன்" என்றார் மாஸ்டர். சக்கரம் சுற்றியது. அவர் உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் மன்றத்தின் கம்ப்யூட்டருக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சம்பந்தி நாலாவது வினாடியில் பொத்தானைத் தட்டினார் அல்லவா? பழக்கதோஷம், இரண்டு தட்டு. போன் மின்னல் வேகம், இரண்டு தட்டும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தன. அவருக்கு மூன்றாவது லேனும் கிடைத்தது, நான்காவது லேனும் கிடைத்தது. பத்து ஒன்பதுக்குக் கம்ப்யூட்டர், ஒரே ஆள் இரண்டு லேனில் ஓட முடியாது என்று கண்டுபிடித்து நான்காவதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்து வருகிறவருக்குக் கொடுக்கலாம் என்று வாசலைப் பார்த்தது. வேகமான போன்காரர்கள் அத்தனை பேரும் 'இடம் இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். வெறிச்சோடிய வாசலுக்கு, பத்து மணிக்குக் கிளம்பிய ஒரே ஒரு விண்ணப்பம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

பத்து பதினொன்றுக்குச் சக்கரம் நின்றது. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் உரக்கப் படித்தார்: "லேன் நாலு. உறுதி செய்யப்பட்டது."

மாஸ்டர் பதினோரு மணிக்குக் கடைக்குப் போனார். அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் தொண்ணூற்று நான்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அதை உள்ள வைம்மா. டார்ச் நல்லா எரியும்னியே, எப்படிப் போடறதுன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

ஓட்டம் இரண்டு வாரம் கழித்து நடந்தது. மூன்றாவது லேனில் சம்பந்தி, நான்காவதில் மாஸ்டர். எழுபதாவது மீட்டர்வரை இருவரும் மற்ற ஆறு பேரைப் பற்றி யோசிக்கவேயில்லை, அந்த ஆறு பேரும் பின்னால் இருந்ததால் யோசிக்கத் தேவையும் வரவில்லை. கோட்டை ஒன்றாகவே தொட்டார்கள். நேரம் பார்த்த இரண்டு நடுவர்களின் வாட்சிலும் பதினெட்டு புள்ளி இரண்டு. முதல் பரிசு இரண்டு பேருக்கும், கோப்பை ஆறு மாதம் ஒரு வீட்டில், ஆறு மாதம் இன்னொரு வீட்டில் என்று முடிவாயிற்று. முதல் ஆறு மாதம் மாஸ்டர் வீட்டில்.

"நான்தான் ஒரு மூக்கு முன்னால" என்றார் சம்பந்தி.

"உங்களுக்கு மூக்கு நீளம், அது கணக்கில்லை. நெஞ்சுதான் கணக்கு. நெஞ்சு என்னது முன்னால" என்றார் மாஸ்டர். "டீச்சர் கோட்டுப் பக்கத்துல நின்னு என் போன்ல வீடியோ எடுத்திருக்கா. அனுப்பி வைக்கிறேன், நீங்களே பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து மாஸ்டரும் டீச்சரும் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். டீச்சர் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். சம்பந்தியின் நெஞ்சு, ஒரு சட்டைப் பொத்தான் அகலம், முன்னால் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

"அனுப்பப் போறீங்களா?" என்றார் டீச்சர்.

"சொன்ன வார்த்தை மாறலாமா?" என்று மாஸ்டர் அப்போதே அனுப்பினார், அந்தப் போனிலிருந்தே. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

சம்பந்தி வாரம் ஒருமுறை கேட்கிறார். "வந்துக்கிட்டே இருக்கு சம்பந்தி" என்கிறார் மாஸ்டர். அது பொய்யில்லை. போன வாரம் எண்பத்தெட்டு சதவீதம் போயிருந்தது. தொண்ணூறைத் தொட்டதும், பாவம் போன் சூடாகிறதே என்று மாஸ்டர் நெட்டைக் கொஞ்சம் அணைத்து வைத்திருக்கிறார்.