முதல் பக்கத்து வட்டம்

எங்கள் மாலைப் பத்திரிகையின் வாசல் மேசை என்னுடையது. வரி விளம்பரம் வாங்குவது, போன் எடுப்பது, யார் மேலோ வந்த கோபத்துக்கு நான் திட்டு வாங்குவது, இவைதான் என் வேலை. எடிட்டர் என் அக்காவின் கணவர். வீட்டில் மாமா, ஆபீசில் சார். கோபம் வந்தால் எனக்கு இரண்டும் குழம்பிவிடும்.

அன்று காலை ஒரு பெண் வந்தபோது நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் எங்கள் முதல் பக்கம் ஊரையே கலக்கியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆள், நோயாளிகளிடம் "ஸ்டாக் இல்லை" என்று கையை விரித்துவிட்டு, அதே மாத்திரைகளை வெளிக்கடைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தான். எங்கள் நிருபர் நாயாய் அலைந்து கண்டுபிடித்த செய்தி. அவனுடைய மச்சான் கவுன்சிலர் என்பதால் வேறு எந்தப் பத்திரிகையும் மூச்சு விடவில்லை. நாங்கள் போட்டோம். படத்தோடு போட்டோம். தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டோம்.

வந்தவள் அந்தப் பத்திரிகையை மேசைமேல் விரித்து, வட்டத்துக்குள் விரலை வைத்தாள்.

"இவரு ஆஸ்பத்திரியில வேலை பாக்கலைங்க. ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. என் வீட்டுக்காரரு."

அது நானில்லை என்று இந்த மேசைமேல் அடித்துச் சத்தியம் செய்தவர்கள் எத்தனையோ பேர். "நல்லா பாருங்கம்மா, ஒரே ஜாடையா இருக்கும்" என்றேன்.

"கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா? பக்கத்துல நிக்கிறான் பாருங்க, அவன்தான் நீங்க சொல்ற ஆளு. ரத்த தான முகாம்ல எடுத்த படம் இது. ரத்தம் குடுத்ததுக்கு இவருக்கு சர்டிபிகேட் குடுத்தாங்க. இன்னைக்குக் காலையில வேனை எடுத்துட்டுப் போனாரு. ஒரு வீட்டு வாசல்லயும் பிள்ளைங்க நிக்கலை. காலி வேனோட திரும்பி வந்து கதவைச் சாத்திட்டுப் படுத்தவருதான். கூப்பிட்டா பேச்சு இல்லை."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படத்தை மறுபடி பார்த்தேன். இரண்டு ஆண்கள், மார்பளவு. இரண்டு பேருக்கும் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. எந்த ஊர்த் தையல்காரன் சட்டைப் பையை வலது பக்கம் வைப்பான்? படமே இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

பக்கம் அமைப்பவரை நாங்கள் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். எந்தப் படத்தையும் நறுக்காமல் விடமாட்டார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. படத்திலிருக்கும் முகம் செய்தியைப் பார்க்க வேண்டும், பக்கத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது. பார்த்தால் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவார். மலை, வெள்ளம், மாடு என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தப் படத்தைத் தரும்போது நிருபர், "இடது பக்கம் நிற்பவருக்கு வட்டம்" என்று சொல்லியிருக்கிறார். கத்தரி படத்தைத் திருப்பினார். கையிலிருந்த சான்றிதழை நறுக்கியதால் எழுத்து திரும்பியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. பிறகு சொன்னபடியே இடது பக்கம் நின்றவருக்கு வட்டம் போட்டுவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கூப்பிட்டுக் காட்டியதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் வெளிய பாத்துட்டு நின்னாங்கக்கா" என்றார். திட்ட வாயெடுத்த நான் பேசாமல் எடிட்டர் அறைக்குப் போனேன்.

மாமா முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடம் வந்தால் அவர் துடைப்பது அதைத்தான்.

"இன்னைக்கே நாலாம் பக்கத்துல நாலு வரி போட்டுடலாம். தவறுக்கு வருந்துகிறோம்னு."

"முதல் பக்கத்துல மானத்தை வாங்கிட்டு நாலாம் பக்கத்துல வருந்துவீங்களா? சினிமாத் துணுக்குக்குக் கீழயா, மேலயா?"

"கத்தாதே. எனக்கு மட்டும் மனசு இல்லையா? முதல் பக்கத்துல போட்டா கவுன்சிலர் அதையே கெட்டியா பிடிச்சுக்குவான். படம் பொய், அப்ப செய்தியும் பொய்ம்பான். விசாரணைக்கு உத்தரவு வரப்போற நேரம். அந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க வெளிய வாங்கிச் சாப்பிட வழியில்லாதவங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

வேன்காரர் மனைவி எப்போது என் பின்னால் வந்து நின்றாளோ தெரியாது. வாசற்படியிலிருந்தே பேசினாள்.

"நானும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் சார் போறேன். எனக்கும் ஸ்டாக் இல்லைன்னுதான் சொன்னாங்க. நீங்க போட்ட செய்தி நெசம். படிக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் படத்தைப் பாத்தேன்."

மாமா துடைப்பதை நிறுத்திவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கத்தரியை வரச்சொல்லு" என்றார்.

அன்று முதல் பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவில் படம் வந்தது. இந்த முறை திருப்பாமல், வட்டம் சரியான தலையில். 'நாங்கள் செய்த தவறு' என்று தலைப்பு. படத்தைத் திருப்பியது, நறுக்கியது, ஒன்றையும் மறைக்காமல் மாமாவே எழுதினார். கடைசியில், மருந்துச் செய்தியில் ஓர் எழுத்தையும் நாங்கள் திரும்பப் பெறவில்லை என்று முடித்திருந்தார்.

கவுன்சிலர் ஆட்கள் மறுநாளே எங்கள் வாசலில் ஒரு கட்டுப் பத்திரிகையைக் கொளுத்தினார்கள். பொய்ப் பத்திரிகை ஒழிக என்று கூச்சல். சும்மா சொல்லக் கூடாது, கொளுத்துவதற்காவது காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தப் புகையிலேயே மருந்துச் சீட்டும் கையுமாக ஆட்கள் என் மேசைக்கு வரத் தொடங்கினார்கள். "எங்களுக்கும் இல்லைன்னுதான் சொன்னாங்க, எங்க பேரையும் போடுங்க" என்றார்கள். விசாரணை உத்தரவும் வந்து சேர்ந்தது. மாமா ஆபீசில் மறுபடி விசிலடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் வேன்காரர் மனைவி போன் செய்தாள்.

"பிள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்கக்கா, ஒரு வீட்டைத் தவிர. ரெட்டைப் பிள்ளைங்க. அவங்கதான் முதல்ல ஏறுவாங்க. அந்த வாசலைத் தாண்டும்போது இவருக்குக் கை நடுங்குதாம். நடுங்குற கையோட பிள்ளைங்களை ஏத்த மாட்டேன், வேனை வித்துடறேன்ங்கிறாரு. போனைக்கூட எடுக்கறதில்லை. அந்தம்மாவைச் சொல்லியும் தப்பில்லக்கா. அவங்க பேப்பரே வாங்குறதில்லை. பக்கத்து வீட்டுல சொல்லிக் கேட்டதுதான்."

தப்பான செய்தி, பேப்பர் வாங்காத வீட்டுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்திருந்தது. திருத்தமோ வாங்கின வீட்டோடு நின்றுவிட்டது. மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"முதல் பக்கத்துலயே போட்டாச்சு. இனி என்ன, வீடு வீடா போய்ச் சொல்லவா?"

"ஒரு வீடுதான் மாமா."

ஆபீசில் மாமா என்று வந்துவிட்டது. அவர் என்னை முறைத்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

அன்றைய பத்திரிகை அச்சுக்குப் போனதும் இரண்டு பேரும் கிளம்பினோம். கதவைத் திறந்த பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டாள். உள்ளே பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு வட்டம் போட்டதும் நீங்க. இன்னைக்கு இல்லைங்கிறதும் நீங்க. பிள்ளைங்களை ஏத்தி அனுப்புறவ நான். எதைங்க நம்புறது?"

தினமும் தலையங்கத்தில் ஊருக்கே புத்தி சொல்கிற மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு கொண்டுவந்திருந்த இரண்டு நாள் பத்திரிகைகளையும் அவள் கையில் கொடுத்தார்.

"எங்களை நம்ப வேண்டாம்மா. நீங்களே பாருங்க. என் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு?"

அவள் பார்த்தாள். "இடது பக்கம்."

"முதல்ல வந்த படத்துல?"

அவள் வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். உள்ளே சண்டை அழுகையாக மாறியது. அவள் திரும்பவில்லை.

"அவரு நம்பர் இருக்கா?" என்றாள்.

அவர் மனைவி பேசின நம்பரை நான் அடித்துக் கொடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது மனைவி இல்லை. ஓர் ஆண் குரல், யார் என்று கேட்டது.

"அண்ணே, நான்தான், ரெட்டைப் பிள்ளைங்க அம்மா. நாளைக்கு ரெண்டும் வாசல்ல நிக்கும்."

வைத்துவிட்டாரோ என்று அவள் என்னைப் பார்த்தாள்.

"சரிம்மா" என்றது குரல். "பழைய நேரம்தான்."