பூசி மெழுகாத கதவு

தையல்காரிக்கு நன்றி சொல்லத் தெரியாது என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. நூல்கண்டு வாங்கி வந்து கொடுத்தவருக்குக்கூட இரண்டு தடவை நன்றி சொல்லி, அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பவள் அவள். ஆனால் கணவனின் அண்ணன் மனைவி, அவளுடைய ஓரகத்தி இருக்கிறாளே, அவளிடம் மட்டும் அந்தச் சொல்லை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றே தெரியவில்லை. நன்றி என்று காதில் விழுந்தால் போதும், திரிந்த பாலை முகர்ந்த மாதிரி அந்த அக்காவின் முகம் சுருங்கிவிடும். பழம் அனுப்பினால், "இங்க யாரு திங்கிறா?" என்று திரும்பி வரும். ஒருமுறை ஆசை ஆசையாக ஒரு ரவிக்கை தைத்து அனுப்பினாள். "கை பிடிக்குது" என்று அதுவும் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், மடிப்புக்குக் குத்திய குண்டூசி குத்தியபடியே இருந்தது. போட்டுப் பார்த்திருந்தால்தானே கை பிடிக்க!

அப்படிப்பட்டவள்தான், தையல்காரியின் அம்மா தொண்டையில் கட்டி வந்து தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் விடுவிடுவென்று வந்தாள். தையல் மிஷின் பலகையில் ஒரு கார்ச் சாவியை வைத்தாள்.

"வண்டி சும்மா நின்னா பேட்டரி செத்துப்போயிரும். உங்கம்மாவ ஏத்திக்கிட்டு கொஞ்ச நாள் ஓட்டிக் குடு."

பேருந்தில் அம்மா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வருவதை இந்த அக்கா எங்கிருந்து பார்த்தாள்? "அக்கா, உங்களுக்கு எப்படி..."

"ஆரம்பிக்காதே. ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்கோ. கழுவுறேன், தேய்க்கிறேன்னு வண்டிமேல கைய வைக்காதே. அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். வந்தப்புறம் நான் பாத்துக்குறேன்."

சொல்லிவிட்டு, போட்ட தேநீரையும் குடிக்காமல் போய்விட்டாள்.

வண்டி நல்ல வண்டி. மாதுளம்பழ நிறம். அம்மா முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வாள். பேருந்தில் வந்த வாந்தி அதில் வரவில்லை. திரும்பி வரும்போதெல்லாம், "உன் ஓரகத்திக்கு என்ன செய்யப்போற?" என்று அம்மா கேட்பாள். குரல் கம்மிப் போயிருந்தாலும் அந்தக் கேள்வி மட்டும் தெளிவாக வரும்.

பழமும் வேண்டாம், துணியும் வேண்டாம் என்பவளுக்கு என்னதான் செய்வது? யோசித்து யோசித்துத் தையல்காரி ஒரு முடிவுக்கு வந்தாள். வாங்கும்போது இருந்ததைவிட நன்றாக வண்டியைத் திருப்பிக் கொடுப்பது. மெழுகு போட்டு, முகம் பார்க்கும்படி. இதை எப்படித் திருப்பி அனுப்புவாள், பார்ப்போம்! கை வைக்காதே என்று சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. அது அக்காவின் வழக்கமான கடுகடுப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

உதிரிப்பாகக் கடைக்காரர் மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று தகர டப்பாவில் கெட்டி மெழுகு. ஒன்று புட்டியில் பால் மாதிரித் திரவம். மூன்றாவது, அழுத்தினால் புஸ்ஸென்று அடிக்கிற ஸ்ப்ரே.

"எது நல்லதுங்க?"

"அழகா இருக்கணுமா, வேலை சுலபமா இருக்கணுமா, நீடிச்சு நிக்கணுமா?"

"மூணும்தான்."

"மூணும் ஒண்ணா வேணும்னா வேற கடை பாருங்கம்மா" என்று சிரித்தார். "முதல்ல பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு நல்லா கழுவிருங்க. பழைய மெழுகு எல்லாம் போனாத்தான் புதுசு பிடிக்கும்."

தையல்காரி மூன்றையும் வாங்கினாள். முழுத்துணியில் கத்தரி வைப்பதற்கு முன் துண்டுத்துணியில் தைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். வண்டியின் டிக்கி மூடியை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒட்டும் டேப்பால் மூன்று பட்டையாகப் பிரித்தாள். ஓரம் அடிக்காத மெத்தென்ற பனியன் துணியாகப் பார்த்து வெட்டிக்கொண்டாள். ஒரு தையல் இருந்தாலும் பெயின்டில் கோடு விழுந்துவிடுமே.

கெட்டி மெழுகு உயிரை வாங்கியது. கொஞ்சம் கூடிப்போனால் வெள்ளையாய் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவசரப்பட்டால் இழுவியது, காத்திருந்தால் காய்ந்தது. தேய்த்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. புட்டியில் இருந்தது சொன்னபடி கேட்டது. வழவழவென்று பரவி, சின்னச் சின்னக் கீறல்களைக்கூட நிரப்பி மறைத்தது. ஸ்ப்ரேயோ வேலையே இல்லை, அடி, துடை, அவ்வளவுதான்.

ரொட்டிக்கடையில் அடுப்பு பார்க்கிற அவள் கணவன் வேலை முடிந்து வந்து, கெட்டி மெழுகுப் பட்டையில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த முகத்தையா கட்டிக்கிட்ட? பாவம்டி நீ."

"அதான் தினமும் கண்ணாடி இல்லாத பக்கமா உக்காந்து தைக்கிறேன்."

அழகைப் பார்த்தாயிற்று, சுலபத்தைப் பார்த்தாயிற்று. எது நிற்கிறது என்பதை மழைதானே சொல்ல வேண்டும்? மழை பெய்த நாள் மழை, பெய்யாத நாள் ஒரு சொம்புத் தண்ணீர். மெழுகு இருக்கிற இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருளும். போன இடத்தில் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும். முதலில் அம்மா சன்னலோரம் படுத்தபடி கேட்பாள், "இன்னிக்கு எப்படி நிக்குது?" அப்புறம் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். புட்டிப் பட்டையில் தண்ணீர் படுத்துவிட்ட வாரம், சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். ஸ்ப்ரே பாதி போய்விட்டிருந்தது. கெட்டி மெழுகில் மட்டும் முத்துகள் அன்று போலவே ஓடின.

"கஷ்டப்படுத்தினதுதான் நிக்குது. உங்கப்பா மாதிரி" என்றாள் அம்மா. அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

சிகிச்சை முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது, இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டர். மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தையல்காரி கடையைப் பூட்டிவிட்டு, வண்டி முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். புழுதி வழிந்து ஓடியது. முன் சீட்டுக் கதவுக்கு வந்தாள். துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

கதவின் குறுக்கே, முழங்கை நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு கீறல்.

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் நெருக்கமாக ஒரு தூண் உண்டு. அங்கேதான் இருக்கும். அம்மாவைப் பார்க்கிற அவசரத்தில் உரசியதுகூடத் தெரியாமல் வந்திருக்கிறோமே. நம்பிக் கொடுத்தாளே! இனி அந்த வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

கணவன் குனிந்து பார்த்தான். "அந்தப் புட்டி இருக்குல்ல? கீறலை மறைக்குதுன்னு சொன்னியே" என்றான்.

மனசு கேட்கவில்லை. ஆனால் கை கேட்டது. புட்டி மெழுகை எடுத்துக் கீறலின்மேல் பூசித் தேய்த்தாள். ஒரு பூச்சுக்கு மங்கியது. அடுத்ததற்கு இருந்த இடமே தெரியவில்லை.

"பாத்தியா! பூசி மெழுகியாச்சு" என்றான் கணவன், விளையாட்டாக.

அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று குத்தியது. பூசி மெழுகுவது. ஊரே பொய்யை மூடுவதற்குச் சொல்லும் சொல். இது மழைக்கு எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத்தான் தெரியுமே. இரண்டு மழை. மூன்றாவது மழையில் அக்காவின் வாசலிலேயே வைத்து வெளியே வரும். அப்போது தான் கொடுத்த பளபளப்பு முழுவதும் பொய்யாகிவிடும்.

"சோப்பை எடுங்க" என்றாள்.

அந்தக் கதவை மட்டும் மறுபடி கழுவி, கீறலை வெளியே கொண்டுவந்தாள். மற்ற எல்லா இடத்திலும் கெட்டி மெழுகைப் போட்டாள். தோள் கழன்றால் கழலட்டும் என்று பொழுது சாயும்வரை தேய்த்தாள். கதவை அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் கண் விரிந்தது. உடனே முகம் வெளிறியது.

"கழுவினியா?"

"அக்கா, திட்டுங்க, வாங்கிக்கிறேன். பூசி மெழுக எனக்கு இஷ்டம் இல்ல. இந்தக் கதவுல நான் எங்கேயோ இடிச்சிருக்கேன். நானே பெயின்ட் அடிச்சுத் தரேன். எங்கம்மா இன்னிக்கு நடமாடுதுன்னா அது உங்க வண்டியாலதான். அதுக்கு நான் பண்ணின கைம்மாறு இது..." கீறலைக் கையால் காட்டினாள்.

அக்கா கதவருகே போனாள். கீறலை விரலால் தடவினாள், ரொம்பப் பழகின ஒன்றைத் தடவுகிற மாதிரி.

"என்ன சோப்புடி போட்ட?"

"பாத்திரம் கழுவுற சோப்பு..."

"அதான். நாலு பூச்சு பூசியிருந்தேன்."

தையல்காரிக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா உள்ளே போய், அலமாரித் துணிக்கு அடியிலிருந்து எதையோ உருவிக்கொண்டு வந்தாள். அதே புட்டி. பாதி காலியாக.

"எங்க வாசல் கேட்டுத் தூணுல நான் இடிச்சது. உங்க மாமா வண்டி வாங்கின புதுசு. சொல்லப் பயமா இருந்துச்சு. மாசா மாசம் அவர் வெளிய போனப்புறம் பூசுவேன். அதான் கைய வைக்காதேன்னு சொன்னேன்."

"அப்புறம் ஏங்க்கா வண்டியக் குடுத்தீங்க? வெளிய வந்துரும்னு தெரியும்ல?"

"தெரியும்" என்றாள் அக்கா, வேறு எங்கோ பார்த்தபடி. "உங்கம்மா அந்தத் துண்டை வாயில வச்சுக்கிட்டு பஸ்ஸுல... விடு. பேட்டரி போயிரும்னுதான் குடுத்தேன்."

அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவர், வீட்டுப் பெரியவர், வெளியே வந்தார். பானட்டில் தன் முகத்தைக் கண்டு தலையைக் கோதிக்கொண்டார். "அடேங்கப்பா, கல்யாண வண்டி மாதிரி இருக்கே!" என்று சுற்றி வந்தார். கதவருகே நின்றார்.

"இது யாரு போட்ட கோடு?"

தையல்காரி வாயைத் திறந்தாள். "நா..." என்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நான்தான். வாங்கின புதுசுல. இத்தனை நாள் பூசி மறைச்சு வச்சிருந்தேன்."

பெரியவர் கீறலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த புட்டியைப் பார்த்தார்.

"அப்போ மாசா மாசம் இந்தக் கதவை மட்டும் தேய்ப்பியே, இதுக்குத்தானா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் என்ன நெனச்சேன்னா..." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் உக்கார்ற பக்கமாச்சே, அந்தப் பாசத்துல நீ தேய்க்கிறதா நெனச்சேன். சரி போ."

தையல்காரி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்காவின் முகம் சிவந்தது. மாதுளம்பழ வண்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"அந்த டப்பா மெழுகு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்குக்கா. ஆனா அது கீறலை மறைக்காது. தேய்க்கவும் கஷ்டம்."

"மறைக்க வேண்டாம். குடு இப்படி."

துணியை வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, கணவன் உட்காரும் பக்கத்துக் கதவை, அவர் பார்க்கும்போதே, அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தையல்காரி மறுமுனையிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு கைகளும் கீறலருகே வந்து சேர்ந்தபோது தையல்காரி பயந்து பயந்து அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"ரொம்ப நன்றிக்கா."

முகம் சுருங்கவில்லை.

"சரி" என்றாள் அக்கா. பிறகு, தேய்ப்பதை நிறுத்தாமலே, "அந்த ரவிக்கை இன்னும் வச்சிருக்கியா? அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வா. போட்டுப் பாக்குறேன்."